தாய்மாமன் மடி

அத்தியாயம் 17

பூர்ணிமா குத்தாலத்தில் ரயிலை விட்டு இறங்கும்போதே கோபமாகத்தான் இறங்கினாள்.

ரயில் தாமதம், அது சின்னக் கோபம். அக்கா மகன் வளவனுக்குக் காதுகுத்து, கட்டாயம் வா என்று கூப்பிட்ட அப்பா, அதே கோயிலுக்குப் பேராவூரணியிலிருந்து அவளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டாரையும் வரச்சொல்லியிருக்கிறார் என்பது ரயில் ஏறிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அது பெரிய கோபம். சொன்னது அக்கா அபிராமி. "பட்டுப்புடவை எடுத்துக்கலையா? அப்பா கத்துவாருடி" என்று போனில் கவலைப்பட்டாள். பூர்ணிமா எடுத்து வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போகும் சுடிதாரோடுதான் வந்திருந்தாள்.

அப்பா துரைராசுவுக்கு, தொடர்ந்து படித்துவருகிறவர்களிடம் அறிமுகம் தேவையில்லை. இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வேலி நன்செய்க்குச் சொந்தக்காரர். ஊரில் நல்லவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக வீட்டில் இருப்பவர்களைப் பாடாய்ப் படுத்துகிறவர்.

சின்ன மகள் குழந்தை மருத்துவம் படித்து முடித்தபோது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அதற்கு மேலும் மூன்று வருடம், குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்க்கும் ரத்த நோய்களுக்குமான சிறப்புப் பயிற்சிக்குச் சென்னை போகிறேன் என்று அவள் சொன்னபோது வாயை இறுக மூடிக்கொண்டார். பேராவூரணிக்காரர்களிடம் "பொண்ணு குழந்தை டாக்டர்" என்பதோடு நிறுத்திவிட்டார். கேன்சர் வார்டில் நிற்கிற பெண்ணை எவன் விளக்கேற்றக் கூப்பிடுவான் என்பது அவர் கட்சி. தை பிறப்பதற்குள் படிப்பை விட்டுவிட்டு வந்து தஞ்சாவூரில் கிளினிக் வைக்கவேண்டும் என்பது அவர் உத்தரவு. போன வாரம் போனில் அப்பாவும் மகளும் போட்ட சண்டை அதற்காகத்தான்.

அம்மா அமிர்தம் மட்டும் இந்தப் படிப்பைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. அமிர்தம் எதைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறாள்?

ஆட்டோ கோயிலருகே திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது ஃப்ளெக்ஸ் பேனர். அதில் காதுகுத்து நாயகனான வளவன் தபால்தலை அளவுக்கு இருந்தான். மீதி இடம் முழுக்க அண்ணன் ராஜராஜன், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு சிங்கத்தோடு. 'தாய்மாமன் வர்றார், வழிவிடு' என்று கீழே போட்டிருந்தது. பூர்ணிமாவுக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்தது.

வாய்க்கால் கரை மேட்டில் அய்யனார் கோயில். அபிராமியின் புகுந்த வீட்டுக் குலதெய்வம். சுற்றிலும் குறுவை நெல் அறுப்புக்குத் தயாராக நின்றது. பந்தலுக்குள் மேளம் காதைக் கிழித்தது. மாமன் வீட்டுச் சீர்த்தட்டுகள் கோயில் வாசலிலிருந்து பந்தல் வரை வரிசை கட்டியிருந்தன. துரைராசு ஒவ்வொரு தட்டாகக் காட்டிக்கொண்டு நடக்க, பேராவூரணிப் பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

மொட்டை முடிந்துவிட்டது. சந்தனம் பூசிய தலையோடு வளவன் அபிராமியின் இடுப்பில் இருந்தான். இரண்டரை வயது. சித்தியைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டினான்.

பூர்ணிமா வாங்கி அணைத்துக்கொண்டாள். அவள் கை அவன் பிடரியில் ஈரத்தைத் தொட்டது. எடுத்துப் பார்த்தாள். சந்தனத்தோடு ரத்தம்.

"எப்பக்கா மொட்டை போட்டாங்க?"

"ஆச்சு, ஒரு மணி நேரம் இருக்கும். கத்தி லேசாப் பட்டுருச்சு. சந்தனத்தை அப்பினா நின்னுடும்னாங்க."

"நின்னுச்சா?"

"நிக்கிது, மறுபடி வருது. துண்டெல்லாம் கறை. ஏன்டி?"

பூர்ணிமா அவனுடைய குட்டிப் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினாள். இடது முட்டி வலது முட்டியை விடப் பருத்திருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தாள், சூடு. கெண்டைக்காலில் நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு. அதற்குப் பக்கத்தில் பழசாகி மஞ்சளித்துப்போன இன்னொன்று.

"விழுந்தானா?"

"ஓடற பையன் விழாம இருப்பானா?"

"தடுப்பூசி போட்ட இடமெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"தொடை கல்லாட்டம் வீங்கிக் கிடந்துச்சு. போன வருஷம் உனக்கு போட்டோ அனுப்பினேனே. நீதான் ஒண்ணுமில்ல, ஐஸ் வைன்னு போட்டே."

போட்டாள். அப்போது அவள் நல்ல குழந்தை டாக்டர்தான், ஆனால் இந்த மாதிரி வீக்கத்தை அவள் அதற்கு முன் சரியாகப் பார்த்ததில்லை. இப்போது வாரந்தோறும் பார்க்கிறாள். திருவண்ணாமலையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பையன்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எல்லா அம்மாக்களும் சொல்லிவைத்த மாதிரி "விழுந்துட்டான்" என்றே ஆரம்பிக்கிறார்கள். பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகுகிறது. அந்தப் பயிற்சி என்பதில் பாதி இந்தக் கண்தான்.

"அக்கா, இன்னைக்குக் காது குத்த வேணாம்."

அபிராமி சிரித்தாள். தங்கை விளையாடுகிறாள் என்று நினைத்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றது.

"இவனுக்கு ரத்தம் உறையறதுல கோளாறு இருக்கும்னு தோணுது. ஹீமோஃபிலியான்னு சொல்லுவாங்க. நமக்கு வெட்டுப்பட்டா கொஞ்ச நேரத்துல தானா உறைஞ்சு நின்னுடும். இவங்களுக்கு நிக்காது. வெளியில தெரியாம மூட்டுக்குள்ளயும் கசியும். டெஸ்ட் எடுத்துப் பார்க்காம இவன் மேல ஊசி படக்கூடாது."

"என்னடி சொல்ற? போட்டோ பார்த்தப்ப ஒண்ணுமில்லன்ன!"

"அப்ப எனக்குத் தெரியலக்கா. தெரியாததாலதான் படிக்கப் போனேன்."

அபிராமியின் மாமியார் வந்துவிட்டார். மகன் துபாயில் இருப்பதால் இன்றைக்கு விசேஷத்தை எடுத்து நடத்துகிறவர் அவர். "நல்ல நாளும் அதுவுமா வந்து நிக்கிறே, வாயில நல்ல வார்த்தையே வராதாம்மா?" என்றார்.

அவருக்குப் பின்னாலேயே துரைராசு. பேராவூரணிப் பெரியவருக்குக் கேட்காதபடி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"மெதுவாப் பேசு. அவங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க."

"பார்க்கட்டும்ப்பா. பையன் தலையிலேருந்து ரத்தம் வடியுது. நீங்களும் கொஞ்சம் பாருங்க."

"அந்தப் படிப்புக்குப் போன நாள்லேருந்து பார்க்கற புள்ளையெல்லாம் உனக்கு நோயாளியாத் தெரியுது. இதுக்குத்தான் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

"குடு இப்படி" என்று யாரோ வளவனை அவள் கையிலிருந்து பிடுங்கினார்கள். அண்ணன் ராஜராஜன். வேட்டி கட்டி, கழுத்தில் மாலை போட்டிருந்தான். ஒரு மாதமாக அவன் காத்திருந்த நாள் இது. பையனைத் தூக்கிக்கொண்டு போய் மணையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டான். மேளக்காரர்கள் அதுதான் சமயம் என்று ஓங்கி அடித்தார்கள்.

காது குத்த வந்திருந்த காயாரோகணம் பத்தர் வெற்றிலையின் மேல் தங்கக் கம்பியையும் ஊசியையும் எடுத்து வைத்தார். வளவனின் வலது காதை விரலால் நீவிவிட்டார். வாழைப்பழத்தைக் காட்டி வேடிக்கை காட்ட ஒரு பெண் தயாராகக் குனிந்தாள்.

பூர்ணிமா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் மணைக்கு முன்னால் மண்டியிட்டாள். வளவனின் இரண்டு காதுகளையும் தன் உள்ளங்கைகளால் மூடிக்கொண்டாள்.

"குத்தறதா இருந்தா என் கையில குத்துங்க."

மேளம் தடுமாறி நின்றது. பத்தர் ஊசியைத் திரும்ப வெற்றிலையில் வைத்தார்.

"கையை எடுடி" என்றான் ராஜராஜன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "இவன் இருக்கறது என் மடியில. இங்க உரிமை எனக்கு. நீ பெரிய டாக்டரா இருந்தா அது மெட்ராஸ்ல."

பூர்ணிமா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவன் முகத்தைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. கோபத்தில் அவன் காது மடல் சிவந்திருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்துவரும் காதுதான். பார்த்துக்கொண்டே இருந்தும் ஒருநாளும் கேட்காத கேள்வி இப்போதுதான் அவள் வாயில் வந்தது.

"உன் காதுல ஏண்ணா ஓட்டை இல்ல?"

"என்ன?"

"அப்பாவுக்குக் குத்தியிருக்கு. சித்தப்பாவுக்குக் குத்தியிருக்கு. சித்தப்பா பசங்க அத்தனை பேருக்கும் குத்தியிருக்கு. எனக்கும் அக்காவுக்கும் குத்தியிருக்கு. வீட்டுக்கு மூத்த பையன் உனக்கு மட்டும் ஏன் குத்தல?"

ராஜராஜன் தன்னையறியாமல் காதைத் தொட்டுக்கொண்டான். "தாத்தா செத்த வருஷம்... அப்பறம் அப்படியே விட்டுப்போச்சுன்னு அம்மா சொல்லும்."

பூர்ணிமா திரும்பினாள். சீர்த்தட்டு வரிசையின் ஓரத்தில் குங்குமச் சிமிழைப் பிடித்தபடி அமிர்தம் நின்றிருந்தாள்.

"அம்மா, அண்ணனுக்கு ஏன் காது குத்தல?"

"அமிர்தம், நீ உள்ள போ" என்றார் துரைராசு.

கேள்வி கேட்டது அம்மாவிடம். குறுக்கே விழுந்தது அப்பா. அந்த ஒரு வார்த்தையிலேயே அங்கே நின்ற பிள்ளைகள் மூவருக்கும் ஏதோ விளங்கிவிட்டது.

அமிர்தம் உள்ளே போகவில்லை.

"எனக்குத் தம்பி ஒருத்தன் இருந்தான். சிங்காரவேலு. பால்பல்லு விழுந்துச்சு. எல்லாப் புள்ளைக்கும் விழறதுதான். அவனுக்கு ரத்தம் நிக்கவே இல்ல. மஞ்சளை வச்சாங்க, காப்பித்தூளை வச்சாங்க. துப்பித் துப்பி வெளுத்து, அப்படியே போய்ட்டான்."

"நீ ஒத்தப் பொண்ணுன்னுதானம்மா சொல்லியிருக்க?" என்றான் ராஜராஜன்.

"சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். அந்த மாதிரி ரத்தம்னு தெரிஞ்சா பொண்ணு எடுக்க மாட்டாங்கன்னு எங்க வீட்டுல மறைச்சாங்க. நான் கல்யாணம் ஆன அன்னைக்கே உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். 'இது இத்தோட இருக்கட்டும்'னாரு."

"போதும் நிறுத்து" என்றார் துரைராசு. குரல் மட்டும் சத்தமாக இருந்தது. கண் பேராவூரணிப் பெரியவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

அபிராமி மணையருகே வந்து வளவனைத் தூக்கிக்கொண்டாள். அபிராமி சாதுவான பெண். குரலுயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. இன்று கேட்டார்கள்.

"தெரிஞ்சே நின்னியாம்மா? அவனைக் கொண்டுபோய் மணையில வைக்கிற வரைக்கும் குங்குமச்சிமிழைப் புடிச்சுக்கிட்டு பொம்மையாட்டம் நின்னியா?"

"தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன்டி. மார்கழி, பீடை மாசம்னேன். சகுனம் சரியில்லன்னேன். உன் மாமியாகூட வருத்தப்பட்டாங்க. ராஜராஜனுக்கு ஒண்ணும் வரல, அதனால இவனுக்கும் வராதுன்னு நெனச்சு..."

"நெனச்சு! என் புள்ள உசுரு உன் நெனப்புல தொங்கிச்சா?"

மாமியாருக்கு இப்போதுதான் கணக்கு புரிந்தது. "அப்ப இது பொண்ணு வழியா வர்ற வியாதியா? கட்டிக்குடுக்கறப்ப ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?" என்று ஆரம்பித்தார். பூர்ணிமா அவரைப் பேச விடவில்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் துண்டில் கறை பரவிக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் அப்பறம் கேளுங்க அத்தை, நானும் சேர்ந்து கேட்கறேன். அண்ணா, காரை எடு."

பேராவூரணிப் பெரியவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். "சாவகாசமாப் பேசுவோம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

துரைராசு ஓடினார். பேரன் போகும் கார் பக்கம் இல்லை, பேராவூரணிக்காரர்கள் பின்னால்.

* * *

ராஜராஜன் மாலையைக் கழற்றாமலே கார் ஓட்டினான். கும்பகோணம் சாலையில் எதிரே வந்த பஸ்ஸைத் திட்டினான், நெல் ஏற்றிப் போன டிராக்டரைத் திட்டினான், நடுவில் தங்கையையும் திட்டினான். ஊரைக் கூட்டி அவமானப்படுத்திவிட்டாள் என்பது அவன் குறை. அமிர்தம் கூப்பிடாமலே ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அவளோடு யாரும் பேசவில்லை.

பின் இருக்கையில் பூர்ணிமா சுத்தமான துணியை மடித்து வளவனின் பிடரியில் அழுத்திப் பிடித்திருந்தாள். அவன் வாழைப்பழத்தைத் தின்று முடித்துவிட்டு இன்னொன்று கேட்டான்.

சென்னையிலிருந்து ஹாஃபிஸா திரும்பக் கூப்பிட்டாள். பயிற்சியில் பூர்ணிமாவுக்கு ஒரு வருடம் மூத்தவள். "தஞ்சாவூர்ல என்கூடப் படிச்ச சித்தீக் இருக்கான். ரத்தம் உறையறதுக்குப் போடற மருந்து ஸ்டாக் இருக்குன்னான். மருந்துச் சீட்டைக்கூட எழுதிவச்சுட்டுக் காத்திருக்கான். ஒண்ணு சொல்றேன் கேளு பூர்ணிமா, ஊசியை நீ போடாத. அவன் போடட்டும். உன் கை நடுங்கும்."

"நடுங்காது. கோபத்துல இருக்கேன்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

வைத்ததும் அடுத்த அழைப்பு. அப்பா. அவள் கை பையனின் பிடரியில் இருந்ததால் அபிராமி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பையனுக்கு எப்படி இருக்கு?" என்று துரைராசு கேட்டார். கேட்டதை மறுக்க முடியாது. பதிலுக்கு மட்டும் காத்திருக்கவில்லை. "இங்க பாரு பூர்ணிமா. பெரியவர்கிட்ட பேசிட்டேன். அமிர்தத்தோட தம்பிக்கு ஏதோ காய்ச்சல், அவ பதட்டத்துல உளறிட்டான்னு சொல்லியிருக்கேன். பாதி நம்பிட்டாரு. நீ அங்க போய் உனக்கும் டெஸ்ட் கிஸ்ட்டுன்னு எடுத்துத் தொலைக்காத. எடுத்தா தெரிஞ்சுபோகும். எடுக்கலன்னா இல்லன்னே சொல்லிக்கலாம்."

பூர்ணிமா துணியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நாளைக்கு எனக்குப் பையன் பொறந்து, அவனைக் கொண்டுபோய் அண்ணன் மடியில வச்சு ஊசியால குத்துவீங்க. அப்பவும் இல்லன்னே சொல்லிக்குவீங்களா?"

"எதுக்கு எடுத்தாலும் எதிர்த்துப் பேசாத. உன் நல்லதுக்குத்தான்..."

அபிராமி போனை அணைத்தாள். ராஜராஜன் அதன் பிறகு யாரையும் திட்டவில்லை. பாபநாசம் தாண்டியதும் ஒரு கையால் மாலையைக் கழற்றிக் காலடியில் போட்டான்.

* * *

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சித்தீக் சொன்னபடி தயாராக இருந்தார். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். உறைவதற்கான நேரம் இருக்கவேண்டியதைவிட வெகுவாக நீண்டிருந்தது. எந்த வகை, எவ்வளவு கடுமை என்ற முழு விவரம் வரச் சில நாளாகும். அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாமென்று ஹாஃபிஸாவிடமும் கலந்து பேசி மருந்தை ஏற்றினார்கள். வளவன் அலறி, ஓய்ந்து, அபிராமியின் தோளில் தூங்கிப்போனான். பிடரியில் கசிவு நின்றது. நின்றதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அபிராமி அழுதாள்.

"ஊசி அந்தக் காதுல ஏறியிருந்தா இன்னைக்கு ரொம்பச் சிரமப்பட்டிருப்போம் மேடம்" என்றார் சித்தீக். "எங்ககிட்ட மருந்து இருக்கு. ஆனா இந்த வியாதிக்குன்னே படிச்ச குழந்தை டாக்டர் எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் யாரும் இல்ல. கேஸ் வந்தா ஹாஃபிஸாவுக்குத்தான் போன் போடறேன். நீங்க சீக்கிரம் முடிச்சுட்டு இங்க வந்துடுங்க."

பூர்ணிமா தன் சுடிதார்க் கையை மடித்துவிட்டாள். "என்கிட்டயும் எடுங்க. அக்காகிட்டயும்."

எடுத்தார். எழுதுவதற்கு ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "குடும்ப வரலாறு நீங்களே எழுதிடுங்க. உங்க அம்மாவை எனக்குக் கேட்கத் தெரியாது."

இந்தப் பயிற்சியில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ரத்தம் நிற்காத பையன் வந்தால் ஊசியை எடுப்பதற்கு முன் அவன் அம்மாவை உட்காரவைத்துக் கேள். உன்கூடப் பிறந்த ஆண்கள் எத்தனை பேர்? எல்லோரும் இருக்கிறார்களா? அவர்களுக்கு முட்டி வீங்குமா? பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், வியாதி இருந்தால் சதுரத்தைக் கறுப்பாக்கு. ஊர் பேர் தெரியாத எத்தனையோ அம்மாக்களிடம் பூர்ணிமா இதைக் கேட்டிருக்கிறாள். தன் அம்மாவிடம் கேட்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து பேனாவை அழுத்தியது.

வளவனுக்கு ஒரு சதுரம். அதைக் கறுப்பாக்கினாள். மேலே அபிராமிக்கு வட்டம், தனக்கு வட்டம், ராஜராஜனுக்கு வெறும் சதுரம். அதற்கு மேலே அமிர்தம்.

"உன்கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?" மகளாகக் கேட்கவில்லை. வார்டில் கேட்கிற குரலில் கேட்டாள்.

அமிர்தம் தாளைப் பார்த்தாள். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் தன் பக்கத்தில் காலியாக விட்டிருந்த இடம் தெரிந்தது.

"ரெண்டு தம்பி."

"கோயில்ல ஒருத்தர்னு சொன்ன."

"செத்தவன் ஒருத்தன்."

பேனா நின்றது. கதவருகே சுவரில் சாய்ந்து நின்ற ராஜராஜன் நிமிர்ந்தான்.

"இன்னொருத்தன் முத்துக்குமாரு. இருக்கான்."

"எங்க?"

"வேளாங்கண்ணியில. கோயிலுக்குப் போற தெருவுல மெழுகுவத்தி விக்கிறான். அவனுக்கும் இதேதான். அடிக்கடி முட்டி வீங்கி வீங்கி ரெண்டு காலும் மடங்கிப்போச்சு. நிக்க முடியாது. சக்கரம் வச்ச பலகையில தள்ளிக்கிட்டுப் போவான்."

"அவரை எந்த டாக்டராவது பார்த்திருக்காங்களா?"

"காலைக் காட்டுனா வாதம்னு தைலம் குடுத்தாங்க. அப்பறம் அவனும் போறதில்ல."

"அம்மா, மருந்து இருக்கும்மா! கவர்மெண்டு ஆஸ்பத்திரியில சும்மா குடுக்கறாங்க. அந்தக் கால் மடங்காம இருந்திருக்கும். பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறா, அதுவும் இந்த வியாதிக்கே படிக்கிறா, அப்பவும் உன் வாய் திறக்கலையா?"

"நீ இதைப் படிக்கப் போறேன்னு சொன்ன அன்னைக்கு சாமி ரூம்ல போய் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்துல. சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல."

"வரலன்னு சொல்லாத. நீ மூடி வச்சுக்கிட்ட" என்றாள் பூர்ணிமா. அம்மா அழுவதைப் பார்த்தும் அவள் கை நீளவில்லை. இன்றைக்கு நீளாது.

ராஜராஜன் உள்ளே வந்தான்.

"வருஷா வருஷம் வேண்டுதல்னு வேளாங்கண்ணிக்குப் போவோமே. நான்தானே கார் ஓட்டிக்கிட்டு வருவேன். நீ இரு, நான் மெழுகுவத்தி வாங்கிட்டு வந்துடறேன்னு இறங்கிப் போவியே, அது அவரைப் பார்க்கத்தானா?"

அமிர்தம் தலையை ஆட்டினாள்.

"என் கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் குடுக்க மாமன் இல்லன்னு ஒண்ணுவிட்ட மாமா ஒருத்தரைத் தேடிப் புடிச்சுக் கொண்டாந்து நிறுத்தினீங்க. அன்னைக்கும் அவர் இருந்தாரா?"

"பத்திரிகை குடுத்தேன்டா. சபையில பலகையில உட்கார்ந்து வந்தா என்ன ஏதுன்னு கேட்பாங்கன்னு உங்கப்பா வேணாம்னுட்டாரு. அவன் ஒண்ணும் சொல்லல. மோதிரம் மட்டும் குடுத்தனுப்பினான். அதான் உன் கையில கிடக்கே."

ராஜராஜன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். பேனரில் சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று மீசையை முறுக்கிய அதே கை. வெகுநேரம் பார்த்தான். அவன் முகத்தில் காலையிலிருந்து எரிந்த கோபம் அடங்கவில்லை. ஆனால் போகவேண்டிய இடம் எது என்று அதற்கு இப்போது தெரிந்துவிட்டது.

சட்டைப்பையில் போன் அடித்தது. துரைராசு. இம்முறை ராஜராஜனே எடுத்தான். அந்தப் பக்கம் பந்தலின் இரைச்சல் கேட்டது. பேராவூரணிக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள், காரியம் இன்னும் கெட்டுப்போகவில்லை, உடனே பூர்ணிமாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அப்பா சொல்லிக்கொண்டே போனார்.

ராஜராஜன் எல்லாவற்றையும் கேட்டு முடித்தான்.

"அப்பா, வளவனும் அபிராமியும் இங்க டாக்டர்கிட்ட இருக்கட்டும். நானும் பூர்ணிமாவும் அம்மாவும் நேரா வேளாங்கண்ணி போறோம். காதுகுத்து இல்ல, ஆனா மணையைக் கலைக்காம அப்படியே போட்டு வைங்க. யாராவது எங்கன்னு கேட்டா, அவங்க தாய்மாமனைக் கூட்டியாரப் போயிருக்காங்கன்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, பேராவூரணிக்காரங்களுக்குக் கேட்கணும்."